தொடர்மாடிக்கு ஏற்ற பிராணி

அதிமுக்கிய அறிவித்தல். நாரந்தனை வீட்டை விற்றுக் கொழும்புத் தொடர்மாடிக்குக் குடிபோவதாகத் தனியே தீர்மானித்து, அங்கே வளர்க்க ஏற்ற உரோமப் பிராணி எது என்று மூன்று கிழமையாகக் கைபேசியில் ஆராய்ந்துவரும் என் கணவர் ஜெயரூபன் அவர்களின் மேலான கவனத்துக்கு: விடையை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

பாரசீகப் பூனை சத்தம் போடாது என்றீர்கள். முயலுக்கு ஒரு மூலை போதும் என்றீர்கள். ஜிம்மியைப் பற்றிக் கேட்டதற்கு, "உது வளவு நாய், மாடிக்குச் சரிவராது" என்று தீர்ப்பு வழங்கினீர்கள். பதினொரு வருடமாக உங்கள் சைக்கிளுக்குப் பின்னால் வேலணைச் சந்தி வரைக்கும் ஓடிவந்த நாய் அது. நேற்று மேசையில் உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன்: "விற்பனைக்கு வீடு. நன்னீர்க் கிணறு, பனை பதினான்கு, காவல்நாய் ஒன்று." குசினியோடு மனைவி ஒன்று என்றும் சேர்த்திருக்கலாம்.

நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஜிம்மியும் என்னோடு வருகிறது. புட்டு மூடி வைத்திருக்கிறேன். மீனில் நடுத்துண்டெல்லாம் ஜிம்மிக்குப் போட்டுவிட்டேன், உங்களுக்கு வால் இருக்கிறது. வீடு பார்க்க வருபவர் பத்து மணிக்கு வருவார். அவருக்கு நல்ல கதிரையைப் போடுங்கள், கால் ஆடுகிறதில் நீங்கள் இருங்கள்.

விடையைச் சொல்ல மறந்துவிட்டேன். நாள் முழுக்கச் சாய்ந்து கிடக்கும், நேரத்துக்குச் சாப்பாடு கேட்கும், நெஞ்செல்லாம் உரோமம். அந்த மாடிக்கு நீங்கள் ஒருவரே போதும்.

யசோதரா

பி.கு. அலுமாரித் திறப்பைத் தேட வேண்டாம், என்னிடம் இருக்கிறது. வீட்டு உறுதிப் பத்திரம் அந்த அலுமாரிக்குள்தான். வருபவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: வீடு என் சீதனம், நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.