கலைமான் கொம்புக் கத்தி

மகளின் அப்பாவுக்கு,

உங்கள் அக்கா நேற்று வில்லரே வீட்டுக்கு வந்து, குசினியில் நின்றபடியே கதைத்தார்.

"அந்தக் கத்திய எறிஞ்சிரு புள்ள. எறிஞ்சா அவன் வீட்ட வருவான். கத்தி காட்டின பொம்பிளையோட எந்த ஆம்பிளை இருப்பான்?"

"கத்தி இஞ்சதான் இருக்கும், மச்சாள். தேத்தண்ணி போடட்டா?"

குடிக்காமலே போய்விட்டார்.

டோர்வலில் உங்களோடு வேலை செய்பவர்களும் நான் உங்களுக்குக் கத்தி காட்டினேன் என்றே நம்புகிறார்களாம். நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் நான் வேலை செய்த காலத்தில், பக்கத்து மேசையில் நின்ற, அந்த நாட்டு வடக்கின் பழங்குடியான சாமி இனத்துத் தோழி பழக்கிய வேலைதான் இந்தக் கத்தி செய்வது. அவளுடைய ஆட்கள் கலைமான் வளர்ப்பவர்கள். பிர்ச் மரத்தையும் கலைமான் கொம்பையும் மாறிமாறி அடுக்கி, உள்ளங்கைக்குப் பொருந்தும்வரை அராவிப் பிடி செய்வார்கள்.

நீங்கள் வீட்டைவிட்டுப் போன அன்று என் கையில் இருந்தது அந்தப் பிடி மட்டும்தான். அலகு நோர்வேயிலிருந்து தபாலில் வந்துகொண்டிருந்தது. உங்களை எதிர்த்து நான் எழும்பி நின்றது அதுவே முதல் தடவை என்பதால், கையில் என்ன இருக்கிறதென்று பார்க்க உங்களுக்குத் தோன்றவில்லை. வெறும் மரத்துக்கும் கொம்புக்கும் பயந்து படியிறங்கிப் போனீர்கள்.

நீங்கள் முறுக்கிய மணிக்கட்டு ஆறிவிட்டது. இப்போது அரம் பிடிக்க முடிகிறது. அலகு வந்தது, பொருத்திவிட்டேன். மீன் நன்றாக வெட்டுகிறது.

கத்தியை எறிய மாட்டேன். கதவுப் பூட்டையும் மாற்றியிருக்கிறேன். வருவதென்றால் தட்டுங்கள். திறப்பதா என்பதை உள்ளே நிற்பவள் முடிவுசெய்வாள்.

மகளின் அம்மா