சங்குத்துறைக் குடைக்காரர் கயிறு அறுத்தது குறித்து

நலம் பெருகுக. மலையும் கடலும் ஒரு கொடியின்கீழ் நிற்கும் நெடுவயல் நாட்டின் அரியணையில் அமர்ந்த வானவல்லி, சங்குத்துறையின் காவலனும் கடல்வழி வணிகரின் நம்பிக்கையும் தன் உடன்பிறந்தானுமாகிய இளையகோ நெடுவேலுக்கு விடுக்கும் ஓலை.

உன் துறையில் நங்கூரம் நிலைக்கட்டும். உன் கிணறுகளில் உப்பு ஏறாதிருக்கட்டும். உன் வாயிலைக் கடந்தவர் எவரும் குறைபட்டுத் திரும்பாதிருக்கட்டும்.

மூன்றாவது வாழ்த்து பொய்த்துவிட்டது. அதனால் இந்த ஓலை.

நம் நாட்டு வழக்கத்தை நீ அறிவாய். அயலூராரை ஒரு கடைக்கு வழி சொல்லி அனுப்புபவர் தம் நிறக் கயிற்றை அவர் மணிக்கட்டில் கட்டுவார். விற்பனை முடிந்ததும் கடைக்காரர் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு, அந்த நிறத்துக்கு உரியவருக்குத் தரகு கொடுப்பார். சாட்சி வேண்டாத வழக்கம். கயிற்றை நம்பலாம் என்பதொன்றே அதன் முதல்.

சென்ற கோடையில் குடைத்தலைவன் சாத்தப்பன் உன் நகரில் இலவசமாய்க் குடை பிடிக்கத் தொடங்கினான். துறையில் இறங்கும் எவருடனும் அவன் ஆள் ஒருவன் நிழல் தந்து நடப்பான். கூலி கேட்க மாட்டான். வெயிலில் வந்தவர்கள் வாழ்த்தினர். நீயும் வாழ்த்தினாய். அவன் வருவாயில் ஒரு கூறு உன் கருவூலத்துக்கு வந்தது. இலவசமாய்க் குடை பிடிப்பவனுக்கு வருவாய் எங்கிருந்து வருகிறது என்று நீ கேட்கவில்லை.

இப்போது கேள். குடைக்காம்பினுள் சிறு கத்தி உண்டு. கடை வாசற்படியில், வந்தவர் செருப்பைக் கழற்றக் குனியும்போது, அவர் கையிலுள்ள கயிறு அறுபடும். சாத்தப்பனின் நீலக் கயிறு அங்கே ஏறும். எந்த நிறமானாலும் கடைக்காரருக்குத் தரகு ஒன்றே. ஆகவே அறிந்தவரும் வாய் திறக்கவில்லை. வழிநெடுகப் பேசுவதையும் குடைக்காரன் கேட்டுச் சொல்வான். மருந்துக்கு வந்தவரின் அவசரம் அவருக்கு முன்பே மருந்துக்கடையை எட்டிவிடும். விலை ஏறி நிற்கும். குடைக்கு இசைந்தவர் ஒற்றுக்கு இசையவில்லை. இதைத் திருட்டு என்றே எம் மன்று கொள்கிறது.

ஓடக்காரி வேம்பி முதலில் முறையிட்டாள். அவள் சிவப்புக் கயிறு கட்டி அனுப்பியோர் பலர். அவளை வந்தடைந்த தரகு ஏதுமில்லை. உன் அதிகாரி அவளிடம், ‘உனக்கு ராசியில்ல, போய்த் துடுப்பப் போடு’ என்றானாம்.

பின்னர் அக்கரை உப்பு வணிகன் மகன் நல்லாழன் எம் மன்றுக்கு வந்தான். திருமணத்துக்குக் காப்புக் கட்டியிருந்தவன். கூறைப்புடவையில் கறை கண்டு, மாற்றிவர உன் துறைக்கு அவனே ஓடமேறினான். வேம்பி தன் சிவப்புக் கயிற்றைக் காப்பின் அருகில் கட்டினாள். குடைக்காரன் இரண்டையும் அறுத்து நீலத்தை ஏற்ற, விற்பனை முடிந்ததும் கடைக்காரர் அதை அவிழ்த்துக்கொண்டார். காப்பில்லாத வெறுங்கையைப் பந்தலில்தான் கண்டனர். மனமில்லாமல் மாப்பிள்ளையே அறுத்தெறிந்தான் எனப் பெண் வீட்டார் கொண்டனர். இலவசக் குடையில் நடந்து சென்றதை அவன் சொன்னபோது, ‘குடை இனாம்னதும் கல்யாணத்தையே குடுத்துட்டு வந்து நிக்கிறாரு பாரு மாப்பிள்ளை’ என்றாள் பெண்ணின் அத்தை. திருமணம் நின்றது. பெண் இன்னும் மஞ்சள் புடவையை மாற்றாமல் அமர்ந்திருக்கிறாள்.

அந்தக் குடைக்காரனை எம் மன்றில் விசாரித்தோம். அவன் சொன்னது சொன்னபடியே: ‘கையில கயிறு இருந்தா அறுக்கச் சொன்னாங்கம்மா. என்ன கயிறுன்னு பாக்கச் சொல்லல.’

இனி அக்காவாக எழுதுகிறேன். இந்த ஓலையை வேறொருவர் பெயரில் விடுக்குமாறு என் அமைச்சர் வேண்டினார். என் பெயரில் சென்றால் பொறாமை என்பர் என்றார். பொறாமைதான். தந்தையின் நினைவு நாளில் தூதர்கள் என் முன் நின்றுகொண்டு உன்னைப் பார்த்தனர். உன் ஊர் உப்புக்கூட வெண்மை மிகுந்தது என்கிறான் என் சமையற்காரன். உன்னைப் பாடிய பாணனுக்கு நான் பரிசளித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சாத்தப்பனை என் தலைநகருக்கு அழைக்கும் ஓலையும் எழுதி முடித்திருந்தேன். நல்லாழன் வெறுங்கையோடு என் முன் வந்து நின்றிராவிட்டால் அது சென்றிருக்கும். உன் வளத்தில் எது களவு என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபமன்று, மகிழ்ச்சி. அதையும் அறிந்துகொள்.

இனி ஆணை. சாத்தப்பனைச் சிறையிடுக. குடை பிடிப்போர் பிடிக்கட்டும். காம்பில் கத்தி கூடாது, கேட்டதை விற்கக் கூடாது, தாம் யாருடைய ஆள் என்பதைக் குடை விரிக்குமுன் சொல்ல வேண்டும். அறுபட்ட கயிறுகளுக்குரிய தரகை, வேம்பி முதலாக அனைவருக்கும் உன் கருவூலத்திலிருந்து கொடு. நீயே அக்கரைக்குச் சென்று, காப்பு அறுந்தது மாப்பிள்ளையின் குற்றமன்று, காவலனின் குற்றம் என்று பெண் வீட்டுப் பந்தலில் நின்று சொல். அத்தை பேசுவாள். கேட்டுக்கொள்.

அதன்பின்னும் கப்பல்கள் உன் துறையையே நாடி வந்தால், என் பொறாமை இன்னும் வளரும். வளரட்டும்.

அரக்கில் எம் இலச்சினை பதிந்தது. இவ்வோலை உன் நகர வாயிலில் அனைவரும் கேட்க உரக்கப் படிக்கப்படுக. அக்காவாக எழுதிய வரிகளையும் விடாது படிக்கச் செய். இது எம் ஆணை.