முத்தட்டும் என்றீர்கள்

அத்தான்,

இன்று உங்கள் திதி. குடவாசல் வீட்டுக்குள் நுழையும்போதே வெல்லப்பாகு கொதிக்கும் வாடை குமட்டியது. உங்கள் படத்துக்கு முன்னால் இலையில் நான்கு அதிரசம். "அவருக்குப் புடிச்சதாச்சே தம்பி" என்றாள் அக்கா. உங்களைக் கொன்றதையே உங்களுக்குப் படைக்கிறார்கள். நான் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

கண்ணில் புகை மூட்டமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதும் தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனது நான்தான். ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை கண்ணின் லென்சுக்குள் புகுந்து, வேறொரு சர்க்கரையாக மாறி, வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது. அது தண்ணீரை இழுக்க, லென்ஸ் உப்பி மெல்ல மங்குகிறது, அதுதான் புரை என்றார் டாக்டர். வடிகால் அடைத்த வயல் மாதிரி என்று நான் உங்களுக்கு விளக்கினேன். சர்க்கரையைக் குறைத்துவிட்டு வந்தால் அறுவை செய்துவிடலாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஆரம்பித்தீர்கள்.

"புரை முத்தட்டும் மாப்ள. பச்சைக் கதிர எவனாச்சும் அறுப்பானா?"

"அதெல்லாம் அந்தக் காலம் அத்தான். இப்ப முத்த விடக் கூடாதுங்கிறாங்க."

"காலேஜுல பாடம் எடுக்குறவன் எனக்கு அறுப்பு சொல்லித் தர்றியா?"

பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்று போகம் அறுத்தீர்கள், கண்ணை மட்டும் விட்டுவைத்தீர்கள். டீயில் மூன்று கரண்டி சீனியும் குறையவில்லை. வெள்ளையாக முற்றிய புரை மறைத்துக்கொண்டதால், பின்னால் விழித்திரையில் ரத்தம் கசிந்ததை எந்த டாக்டராலும் பார்க்க முடியவில்லை. அறுவை முடிந்து கட்டைப் பிரித்தபோது, "விடிஞ்சிருச்சா மாப்ள?" என்றீர்கள். அப்போது பகல் மணி பதினொன்று.

பிறகு சர்க்கரையால் மரத்துப்போன காலில் ஆணி ஏறியது. உங்களுக்கு வலிக்கவும் இல்லை, தெரியவும் இல்லை. நாற்றம் எழுந்த பிறகுதான் அக்கா காலைப் பார்த்தாள். அந்த நாற்றத்தோடுதான் போனீர்கள்.

எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது, அத்தான். போன வாரம் அதே ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர், வலது கண்ணில் புரை, அறுவை செய்துவிடலாம் என்றார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் என் வாய் கேட்டது: "கொஞ்சம் முத்தட்டுமா டாக்டர்?"

அவர் சிரித்தார். பஸ்ஸில் கேட்ட அதே சிரிப்பு.

தேதி வாங்கிக்கொண்டு வெளியே வந்து, குழாயடியில் வாய் கொப்பளித்தேன். அந்த வார்த்தை போகவில்லை.