ஆறாவது கேள்வி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதினால் நீ நம்பப் போவதில்லை, அதனால் விட்டுவிட்டேன். அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்குப் பரவாயில்லை. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, பிள்ளைக்குக் காதை மூடி அனுப்பு.

நீ கேட்ட காகிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் தம்பியின் ஊனச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்று, அப்புறம் அந்த மஞ்சள் படிவத்தின் நகல். நகலுக்கு மட்டும் ஐந்து தடவை நடந்தேன். முதல் தடவை ஆஸ்பத்திரிப் பதிவு அறைக்காரர் லீவு. இரண்டாம் தடவை ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர். மூன்றாம் தடவை நான்தான் அப்பா என்பதற்கு ஆதாரம் கேட்டார். நாலாம் தடவை அவர் சாப்பிடப் போயிருந்தார், நான் பெஞ்சிலேயே தூங்கிவிட்டேன், அவர் வந்து போனதே தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவன், ஸ்டியரிங் முன்னால் ஒரு நாள் கண் அசந்ததில்லை. இப்போது எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம்தான் வருகிறது.

படிவத்தை நீ பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிடு. போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை எடுத்தேன். நீ அப்பா என்று கூப்பிட்டதுமே நான் மழை, வெயில் என்று எதையாவது பேச ஆரம்பித்துவிடுகிறேன். அதனால்தான் காகிதம்.

உன் வக்கீல் தோழி அனுப்பிய மனுவின் வரைவை எதிர்வீட்டு ஆசிரியரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி தப்பு. ஊரில் தொற்றுக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது ஆஸ்பத்திரிக்காரர்கள் தம்பியின் சக்கர நாற்காலியைப் பார்த்த மாத்திரத்தில், ஒரு வார்த்தை கேட்காமல், வென்டிலேட்டர் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்று இருக்கிறது. அப்படி இல்லையம்மா. அவர்கள் கேட்டார்கள். கேள்வி கேட்டுத்தான் எழுதினார்கள். பதில் சொன்னது நான்.

நடந்ததைச் சொல்கிறேன். தம்பியைக் கொண்டுபோன அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். ஆஸ்பத்திரி முற்றத்தில் தார்ப்பாய்ப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தல் முழுக்கக் கட்டில், கட்டில் இல்லாதவர்களுக்குத் தரை. வாசலில் ஒரு மேசை போட்டு டாக்டர் பெண் உட்கார்ந்திருந்தாள், உன்னைவிட ஐந்தாறு வயது சின்னவளாக இருப்பாள். தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்பு, கண்ணாடிக்குள்ளே வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. உள்ளே ஆறு வென்டிலேட்டர் மிஷின்தானாம். பந்தலில் அறுபது பேருக்கு மேல். ஆளுக்கு ஒரு மஞ்சள் படிவம், ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மார்க். கூட்டி வரும் எண்ணை வைத்துத்தான் யார் உள்ளே, யார் பந்தலில் என்று முடிவாம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது எனக்கு அது இன்னொரு ஆபீஸ் மேசையாகத்தான் தெரிந்தது.

ஆறாவது கேள்வி, நோய் வருவதற்கு முன் அன்றாட வேலைகளைத் தானாகச் செய்துகொண்டாரா என்பது. அவள் கேட்டு முடிப்பதற்குள் என் வாயிலிருந்து பதில் வந்துவிட்டது.

“ஒண்ணுமே முடியாதும்மா. எல்லாத்துக்கும் நாங்கதான்.”

அதோடு விட்டேனா? பிளாஸ்டிக் உறையிலிருந்து சான்றிதழை எடுத்து, தொண்ணூறு சதவீதம் என்று போட்டிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். இவ்வளவு முடியாத பிள்ளை என்றால் இரக்கப்பட்டு முதலில் எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். தம்பி தள்ளுகட்டிலில் மூக்கில் குழாயோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உனக்குப் புரியும். வேறு யாருக்கும் புரியாது, உனக்குப் புரியும். அவனுக்குப் பத்து வயதில் சான்றிதழ் புதுப்பிக்கப் போனோமே, நீயும் கூட வந்தாய். கால் இரண்டும் வராது, இடது கை பாதிதான் வரும். வலது கையால் தானாகவே சட்டைப் பொத்தான் போட அந்த வருஷம்தான் பழகியிருந்தான். சோதிக்கும் டாக்டர் முன்னால் பெருமையாக மூன்று பொத்தானையும் போட்டுக் காட்டினான். அவர் நாற்பது சதவீதம் என்று எழுதினார், இரண்டு வருஷம் உதவித்தொகை நின்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் வைத்து அவனை அடித்தேன். பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொண்டதற்காக அடித்த அப்பன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மூன்று வருஷமும் வீட்டிலேயே ஒத்திகை. அங்கே போனால் கையைத் தூக்காதே, கேட்டால் பதில் சொல்லாதே, அப்பா பேசிக்கொள்கிறேன் என்று. நீ சண்டை போடுவாய். அவனை வைத்துக்கொண்டே அவனுக்கு ஒன்றும் வராது என்று சொல்கிறீர்களே, உங்களுக்குக் கூசவில்லையா என்பாய். எனக்கு மட்டும் ஆசையா, ஆபீஸ்காரனுக்கு அந்தப் பாஷைதான் புரிகிறது என்று நானும் கத்துவேன். நீ பிடிவாதமாக உட்கார்ந்து அவனுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாய். ஒற்றைக் கையால் அவன் செய்த விசிட்டிங் கார்டு இந்தத் தெருவில் எந்தக் கடைக்காரரிடம் இல்லை? அவனுக்கு வேலை கொடுத்த பிரிண்டிங் பிரஸ்காரர் போன வாரம் வந்திருந்தார். பாதியில் நிற்கிற வேலைகளின் ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்க வந்தவர், அவன் மேசை முன்னால் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமலே எழுந்து போய்விட்டார்.

அத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பதில். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அதை மாற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. நான் கவனிக்கவில்லை.

படிவத்தில் அந்தப் பதிலுக்குப் பூஜ்ஜியம் போட்டிருக்கிறாள். கூட்டினால் மூன்று. உள்ளே போக ஐந்து வேண்டுமாம். அந்த ஒரு கேள்விக்கே இரண்டு மார்க் உண்டு என்று பந்தலைப் பெருக்கும் அம்மா மத்தியானம்தான் எனக்கு விளக்கிச் சொன்னார். ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். டாக்டர் பெண்ணிடம், அம்மா, நான் பொய் சொல்லிவிட்டேன், அவன் தானாகச் சாப்பிடுவான், தானாக உடுத்துவான், சம்பாதிக்கிறான் என்று சொன்னேன். அவள் சான்றிதழ் நகலை எடுத்துக் காட்டினாள்.

“ஐயா, காலையில முடியாதுன்னீங்க. இப்ப முடியும்கிறீங்க. கவர்ன்மெண்ட் பேப்பர்ல தொண்ணூறுன்னு இருக்கு. நான் எதை நம்புறது?”

கோபமாகச் சொல்லவில்லை. அவள் குரலில் கோபப்படத் தெம்பே இல்லை. அவளைக் குறை சொல்லி மனுவில் எழுதியிருந்தால் அதை எடுத்துவிடச் சொல். அந்தப் படிவத்தை அடித்தவர்கள் எங்கேயோ ஏ.சி. அறையில் உட்கார்ந்து அடித்திருப்பார்கள். தம்பிக்கு அடுத்தபடியாக வந்து உள்ளே போனவர் ஒரு நாற்பது வயதுக்காரர், பிழைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் மேலும் எனக்கு வருத்தம் இல்லை, பிள்ளைகுட்டிக்காரர், நன்றாக இருக்கட்டும்.

இரண்டாம் நாள் தம்பிக்குத் தண்ணீர் கொடுக்க மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினேன். அழுதுகொண்டே ஏதேதோ சொன்னேன் போலிருக்கிறது. அவனுக்கு எப்போதுமே பேச்சு இழுக்கும், அன்றைக்கு மூச்சும் சேர்ந்து இழுத்தது. ஆனால் தெளிவாகத்தான் சொன்னான்.

“விடுப்பா. பழக்கம்.”

அதற்கப்புறம் அவன் என்னிடம் எதுவும் பேசவில்லை. பேச முடியவில்லையா, பேசப் பிடிக்கவில்லையா என்பது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பதினொரு மணிக்குப் போய்விட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு மீதித் துணியையும் மடித்து அடுக்கினாள். அடித்தாலும் தேவலை என்று இருந்தது. மறுநாள் காலை காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், நம் இரண்டு பேருக்கும் வேறு என்ன சொல்ல வரும் என்றாள். அவள் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்குத்தான் நான் ரொம்ப அழுதேன்.

இனி வழக்கு விஷயம். வக்கீல் போனில் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினாள். ஐயா, தம்பிக்கு என்னென்ன செய்ய வரும், என்ன சம்பாதித்தான், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதிக்கொடுங்கள், அதுதான் வழக்குக்குப் பலம் என்றாள். உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். உள்ளதை எழுதத்தானே, கை கிடுகிடுவென்று ஓடியது. கூடவே சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றாள். பந்தலில் தம்பிக்கு அடுத்த கட்டிலில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் அம்மா துணிக்கு இஸ்திரி போடுகிறவர். விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன்.

பெண் பிழைத்துவிட்டாள். அவளுக்கும் மூன்று மார்க்தான், வெறும் ஆக்ஸிஜன் குழாயிலேயே எப்படியோ தப்பித்தாள். ஜன்னல் பக்கம் தலையணைகளுக்கு நடுவில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவளுக்கு உண்மையாகவே ஒன்றும் முடியாது. கழுத்தைத் திருப்புவாள், சிரிப்பாள், அவ்வளவுதான். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தாள் என்று அவள் அம்மா சொன்னார். நான் எழுதி வைத்திருந்த நாலு பக்கத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

“உங்க பிள்ளைக்கு எழுத நாலு பக்கம் இருக்குங்க. நான் என் பொண்ணுக்கு என்னத்த எழுதுறது? நான் உண்மையத்தானே சொன்னேன்.”

அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அதுவேதான் மண்டைக்குள். மூன்று மாதமாக நான் தப்பான பதிலைச் சொல்லிவிட்டேன் என்றே வெந்து செத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மா சரியான பதிலைச் சொன்னார். சரியான பதில் சொன்ன பெண்ணுக்கும் அதே பந்தல்தான். அப்படியென்றால் நான் அன்றைக்கு வாயைத் திறந்து, என் பிள்ளை எல்லாம் செய்வான் என்று சொல்லி அவனை உள்ளே அனுப்பியிருந்தால், என்ன நடந்திருக்கும்? நம் வீட்டுக்கு நல்லது நடந்திருக்கும். இந்தப் பெண் வெளியேதான் கிடந்திருப்பாள், நானும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

மிஷின் ஆறுதான் இருந்தது, எல்லாருக்கும் கொடுக்க முடியாது, அது எனக்கும் தெரியும். டிரைவருக்குத் தெரியாதா, எத்தனை பேரைத்தான் ஏற்ற முடியும் என்று. யாருக்கு மூச்சு முட்டுகிறது, மிஷின் வைத்தால் யார் பிழைப்பார்கள் என்று பார்த்திருக்கலாம். சட்டையை யார் மாட்டிவிட்டார்கள் என்பதையா பார்ப்பது? இதை எப்படிச் சட்டப் பாஷையில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரியும்.

அதனால் இப்படிச் செய்யம்மா. மனுவை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்றாய், கொடு. ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற வரியை எடுத்துவிடு. கேட்டார்கள், தகப்பன் பதில் சொன்னான், எதனால் அப்படிச் சொன்னான் என்று பொத்தான் போட்ட கதையிலிருந்து எழுது. படிவத்தின் அடியில் தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அவர்கள் அதைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார்கள். அவர்கள் காட்டுவதற்கு முன்னால் நாமே காட்டிவிடுவோம். கோர்ட்டில் நின்று சொல்ல வேண்டும் என்றாலும் வருகிறேன். சான்றிதழுக்காகக் கூட்டிச் சொன்னதற்கு என் மேல் வழக்குப் போட்டால் போடட்டும். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், பேசிவிட்டுப் போகட்டும்.

அந்த நாலு பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அதை வக்கீலுக்குக் கொடுக்காதே. அது உனக்கு. உன் தம்பியைப் பற்றி உன் அப்பா உள்ளதை உள்ளபடி எழுதியது அது ஒன்றுதான்.

இஸ்திரிக்கார அம்மாவிடம் மறுபடி போய்ப் பேசினேன். சாட்சி சொல்லச் சம்மதித்து வாக்குமூலத்தில் ரேகை வைத்துக் கொடுத்திருக்கிறார், அதுவும் உள்ளே இருக்கிறது. மனுவில் அந்தப் பெண்ணை முதலில் போடு, தம்பியை அவளுக்குப் பின்னால் போட்டால் போதும். அந்தப் படிவம் இன்னும் அங்கே கட்டுக் கட்டாக இருக்கிறது, நகல் வாங்கப் போனபோது அலமாரியில் என் கண்ணாலேயே பார்த்தேன். நம் பிள்ளையிடம் இனி யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. அந்தப் பெண்ணை மறுபடி ஒரு நாள் அங்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தால், அவள் அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. அதற்கு மட்டும் வழி செய்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீயும் உன் வீடும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகு உடனே போன் பண்ண வேண்டாம், உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பண்ணு. எப்போதும்போல அம்மாவிடம் முதலில் பேசு. பேசி முடித்த பிறகு, உனக்கு மனது வந்தால், போனை என்னிடம் கொடுக்கச் சொல். நான் பக்கத்திலேயேதான் இருப்பேன்.

அப்பா