விளிம்பு வைத்த தொப்பி

786

சூலியா தெரு, பினாங்கு
14 மார்ச் 1932, திங்கட்கிழமை

அன்பு மகன் ஜபருல்லாவுக்கு வாப்பா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில் நானும் உம்மாவும் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகள் ரொஸ்னாவும் பிள்ளை ஹபீபாவும் அங்கே அமெரிக்காக்காரன் ஆளும் தீவில், பலிவாக்கில், அதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, மாடிப்படி ஏறாதே என்றாலும் கேட்பதில்லை, நீங்கள் மூன்று பேரும் வந்தால் தங்குவதற்கென்று மேல் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பாய் வாங்கிப் போட்டு நாள்தோறும் போய்ப் பெருக்கிவிட்டு வருகிறாள். இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது அதனால்தான்.

நீ அனுப்பிய ஐந்து பெட்டிகளும் ஐந்தாம் தேதி சனிக்கிழமை சிங்கப்பூர் வழியாக வந்து சேர்ந்தன. நனையவில்லை, நசுங்கவில்லை, நானூறு தொப்பியும் சரியாக இருந்தன. இந்த வருஷத்துக் கடைசி ஹஜ் கப்பல் வியாழக்கிழமை புறப்பட இருந்ததால், ஹாஜிகளைச் சேர்த்துக் கப்பலேற்றும் சீனி முகம்மது ஆட்களோடு வீட்டுக்கே வந்து காத்திருந்தார். முதல் பெட்டியை அவர்தான் திறந்தார். மேலே இருந்ததை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு தன் தலையில் வைத்துக்கொண்டு, "என்ன அலாவுதீன் நானா, ஹாஜிக்குக் கேட்டால் உங்கள் மகன் தோட்டத்துரைக்கு அனுப்பியிருக்கிறான்லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், மற்றப் பெட்டிகளில் சரியானது இருக்கும் என்ற நினைப்பில் சிரித்தேன். ஐந்திலும் அதேதான், சுற்றிலும் மூன்று விரல் அகலத்துக்கு விளிம்பு. அவர் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "இதைப் போட்டுக்கொண்டு எப்படி சுஜூது செய்வது? நெற்றி தரையில் படுவதற்கு முன்னால் விளிம்பு படுமே" என்று மெதுவாகத்தான் கேட்டார். விளிம்பில்லாத ஜாவா தொப்பி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டார், அடுத்த வருஷத்துக்கும் இனி உனக்கு எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் உனக்கு எழுதியதன் நகலை எடுத்துப் பார்த்தேன், கப்பலில் போகிறவர்களுக்குத் தொப்பி நானூறு, நல்ல வெள்ளையாக, மார்ச் முதல் வாரத்துக்குள் வேண்டும் என்று இருக்கிறது. ஹஜ் என்ற சொல்லே அதில் இல்லை. இந்த மாதத்தில் பினாங்கில் கப்பல் என்றால் எந்தக் கப்பல், நம் வீட்டில் தொப்பி என்றால் எந்தத் தொப்பி என்று யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் விட்டுவிட்டேன். நீ இருக்கும் ஊரில் தொப்பி வெயிலுக்கு, விளிம்பு இல்லாவிட்டால் அது தொப்பியே இல்லை. முப்பது வருஷமாகப் பத்திரிகைக்குக் கப்பல் செய்தி எழுதுகிறேன், பெயரோ நேரமோ தவறியதில்லை, பெற்ற பிள்ளைக்கு எழுதியதில் தவறிவிட்டது.

வியாழன் வரை சும்மா இருக்கவில்லை. ஆச்சே தெருவில் சொங்கோக் தொப்பி தைக்கும் அப்துல் அஜீஸிடம் கொண்டுபோய் விளிம்பை வெட்டித் துணி வைத்துத் தைக்க முடியுமா என்று கேட்டேன். கத்தரி பட்ட உடனே நார் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது. உச்சியில் தொடங்கிப் பின்னி விளிம்பில்தான் முடிச்சை மறைத்திருக்கிறார்கள், அதை எடுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும் என்று காட்டினார். எட்டைக் கெடுத்த பிறகு நிறுத்திக்கொண்டோம். இவ்வளவு சீரான பின்னலை நான் தொட்டதில்லை நானா என்று அவர் சொன்னதை உங்கள் பட்டறையில் பின்னும் ஆறு பெண்களிடமும் உன் மாமியாரிடமும் சொல், தவறு அவர்கள் விரலில் இல்லை, என் எழுத்தில் என்றும் சொல். வெயில் ஏறினால் நார் விறைத்துவிடும் என்று விடியுமுன்னே எழுந்து உட்கார்ந்து பின்னுகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். வெள்ளைக்காரர்களுக்குத் தொப்பி விற்கும் கடையிலும் கேட்டுப் பார்த்தேன், துரைமாரையே சீட்டுக் கிழித்துச் சீமைக்கு அனுப்புகிறார்கள், போன வருஷத்துச் சரக்கே கிடக்கிறது என்றார்கள்.

நேற்று முன்தினம் நாகப்பட்டினம் கப்பலைப் பற்றி எழுத ஜெட்டிக்குப் போனேன். தோட்டத்தில் வேலை போய் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படும் சனம் ஆயிரத்துக்கு மேல், நிழல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. வீட்டில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று பெட்டிகளை வண்டியில் ஏற்றிவரச் சொல்லி அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். நல்லம்மாள் என்று ஒரு பெண், அதைப் புருஷன் தலையில் வைத்துப் பார்த்து, "இருந்தவரைக்கும் கூலி, போகும்போது துரையா?" என்றாள். அவன் சிரிக்கவில்லை, கழற்றவும் இல்லை. உங்கள் பட்டறைத் தொப்பிகள் போன விதம் இதுதான்.

உங்கள் தெருவில் பன்னிரண்டு பட்டறையில் ஒன்பது மூடிவிட்டது, அமெரிக்காக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான், இந்தச் சரக்கு பிடித்துவிட்டால் பின்னுவதை மாமியார் பார்த்துக்கொள்வார், நாங்கள் பினாங்குக்கே வந்துவிடுவோம் என்று எழுதியிருந்தாய். இப்போது வர வேண்டாம் மகனே. இங்கேயிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற கப்பல்தான் வருகிறது. பத்திரிகையும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. அங்கே பட்டறை மூடினால் கிடைக்கிற வேலையில் சேர்ந்துகொள், வெட்கப்படாதே, ரொஸ்னாவிடம் கோபப்படாதே. உம்மாவிடம் சொல்லிவிட்டேன், அறையை இனிப் பெருக்க வேண்டாம் என்றும் சொன்னேன், இன்று காலையும் மேலே போனாள்.

சீனி முகம்மது போன பிறகு அவள் ஒரு தொப்பியை மடியில் வைத்து விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "அப்படியென்றால் அவன் தொழ என்ன போட்டுக்கொள்கிறான்?" என்று கேட்டாள். ஒவ்வொரு கடிதத்திலும் சலாம் எழுதுகிறானே என்றேன். நான் அதைக் கேட்கவில்லை என்றாள். நீ அங்கே போன இந்தப் பதினோரு வருஷத்தில் நான் உன்னிடம் கேட்காததை அவளும் என்னிடம்தான் கேட்டிருக்கிறாள், உன்னிடம் இல்லை.

உங்கள் மூவருக்கும் நீண்ட ஹயாத்தையும் ஒரு வாய்ச் சோற்றுக்குக் குறைவில்லாத நாளையும் நாயன் தர வேண்டும். ஹபீபாவை வெயிலில் அலைய விடாதே. மறக்காமல் ஒன்று செய், உம்மாவின் கேள்விக்குப் பதிலை அவள் பெயருக்கே எழுது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துச் சொல்ல வேண்டும், எழுதும்போது அதை மனதில் வைத்துக்கொள்.

துஆவுடன்,
உன் வாப்பா
ஷேக் அலாவுதீன்