இரண்டு மணிச் சேவல்

மார்ச் 3

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

உங்கள் சேவல் எழுதுவது. அக்கா வீட்டில் நலமாக இருக்கிறேன். பத்து மணிக்குப் படுத்தால் ஆறு மணிக்குத்தான் எழுகிறேன், ஒரு நாளும் மாறுவதில்லை. இரண்டே வாரத்தில் தலைச்சுற்றல் நின்றுவிட்டது. ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கிறது. "மாத்திரை பாதி, ஒழுங்கான தூக்கம் பாதிம்மா" என்றார் டாக்டர். பேக்கரிக்குப் போக உங்களை இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டு, விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தேனே எட்டு வருஷம், அதன் வினை.

ஒன்று கேட்க வேண்டும். சமையலறையில் மயங்கி விழுந்தேனே, நான் கண் திறந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "நாளைக்கு என்னை யாரு எழுப்புறது?" விளையாட்டுக்குத்தானே கேட்டீர்கள்?

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

சேவல்

மார்ச் 11

என் அருமைச் சேவலுக்கு,

விளையாட்டா? என் பிழைப்பு இங்கே சிரிப்பாய்ச் சிரிக்கிறது. ஒரு நாள் நாலு மணிக்கு விழிப்பு வருகிறது, மறுநாள் பயத்தில் தூக்கமே வருவதில்லை. நேற்று அடுப்பு முன்னால் நின்றபடியே கண் அசந்து, ஒரு தட்டு ரொட்டியும் கரி. "இன்னொரு தடவை லேட்டா வந்தா வீட்லயே தூங்கிக்கோ" என்றுவிட்டார் முதலாளி. சர்க்கரை வேறு ஏறியிருக்கிறது. இங்குள்ள டாக்டரும் உன் டாக்டர் பாட்டையே பாடுகிறார்: தினமும் ஒரே நேரத்தில் படு, ஒரே நேரத்தில் எழு. எழுப்ப ஆள் வேண்டாமா? நீ இல்லாமல் என்னால் முடியாது கண்ணு. உடனே புறப்பட்டு வா.

உன் ரொட்டிக்காரன்

மார்ச் 18

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

என் உடம்பு எப்படி என்று ஒரு வரியாவது இருக்குமா என்று உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அவருக்குப் பொண்டாட்டி வேண்டாம்டி, அலாரம்தான் வேணும்" என்றாள். அவளோடு சண்டை போட்டேன். கடிகாரம் வாங்கச் சொன்னபோதெல்லாம் "உன் குரல் கேட்டு எழுந்தாத்தான் எனக்கு நல்ல நாள்" என்பீர்களே, அதைச் சொன்னேன். அதை நம்பித்தான் எட்டு வருஷத்தையும் ஓட்டினேன்.

இதோடு ஓர் அலாரக் கடிகாரம் அனுப்பியிருக்கிறேன். செவிடனையும் எழுப்பிவிடும். எழுப்புவதற்கு இனி நான் வேண்டாம். அதற்குப் பிறகும் நான் வேண்டுமென்றால் "வா" என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன்.

உங்கள் சேவல்

மார்ச் 29

சேவலுக்கு,

கடிகாரம் வந்தது. இத்தனை வருஷம் வாங்காமல் இருந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டு மணிக்கு டாண் என்று அடிக்கிறது. தீனி கேட்பதில்லை, மயங்கி விழுவதில்லை. எட்டு மணிக்கே படுத்துவிடுகிறேன். சர்க்கரை இறங்கிவிட்டது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

நீ பெட்டியை அவிழ்த்துவிடு. அக்கா வீடுதான் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டிருக்கிறதே. அலமாரியில் இருந்த உன் துணிகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கட்டிலில் இப்போது தாராளமாக இடம் இருக்கிறது, நன்றாகப் புரண்டு தூங்குகிறேன்.

ஒரு சந்தேகம். இந்தக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டுமா, இரண்டு நாளுக்கு ஒரு தடவை போதுமா? அதை மட்டும் எழுது.

ரொட்டிக்காரன்