சூடு ஆறுவதற்குள்

இன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்திலிருந்து இறங்கி நம் தெருவுக்குள் திரும்பியபோது, பையிலிருந்து பால்கோவாவின் இளஞ்சூடான நெய்மணம் மேலே வந்தது. யாருடனாவது பேசிக்கொண்டு நீ பின்தங்கிவிட்டாயோ என்று திரும்பிப் பார்த்தேன். நண்பா, நீ கண்மூடிப் போன பிறகு ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது. என் கழுத்துக்கு அது இன்னும் தெரியவில்லை போலும்.

ராஜபாளையத்தில் நம் தெருவுக்கு யார் புதிதாகக் குடிவந்தாலும் பால்கோவா வாங்கிப்போய்க் கதவைத் தட்டுவாய். பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு உன் முதுகுக்குப் பின்னால் நிற்பது என் வேலை. "ஏலே, சூடு ஆறுறதுக்குள்ள குடுத்துரணும். ஆறிப்போனா அது வெறும் பலகாரம்" என்பாய். தெலுங்கு பேசும் வீடென்றால் "பாகுன்னாரா?" என்று நலம் கேட்பாய். உனக்குத் தெரிந்த தெலுங்கு அவ்வளவுதான். அவர்கள் பதில் சொல்லத் தொடங்கியதும், எனக்கு ஏதோ தெரியும் என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்ப்பாய்.

நீ பாதியில் பார்த்த அடுக்குமாடி முடிந்துவிட்டது. பக்கத்து ஓட்டுவீட்டின் வற்றல் இப்போது அதன் மொட்டைமாடியில் காய்கிறது. மாடிக்காரர்களின் கார் ஓட்டுவீட்டு வேப்பமர நிழலில் நிற்கிறது. தையல்கடையின் பாதியில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். இரண்டு கடைக்கும் ஒரே மின்விசிறி.

அந்த அடுக்குமாடியின் முதல் மாடிக்கு ஓர் இளம் தம்பதி வந்திருக்கிறார்கள். யாரும் போய்ப் பார்க்கவில்லை. நானும் போகாவிட்டால் உன் வழக்கம் உன்னோடு நின்றுவிடும் என்ற கவலைதான் என்னைப் பேருந்தில் ஏற்றியது. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே வந்தேன். ஆனால் வாசலில் கால் நின்றுவிட்டது. தூங்கும் நேரமோ, இனிப்பு சாப்பிடாதவர்களோ, கிழவன் எதையோ விற்க வந்திருக்கிறான் என்று நினைப்பார்களோ.

இஸ்திரி வண்டிக்குப் பின்னாலிருந்து செல்வி கேட்டாள்.

"என்ன சார், செத்த நேரமா அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கிய? பொட்டலத்த ஏலம் விடப் போறியளா?"

"சூடு இருக்கான்னு பாக்கேன்."

"ஆறிப்போச்சுன்னா கொண்டாங்க. பெட்டி வச்சுத் தேச்சுத் தாரேன்."

அதற்குப் பயந்தே படியேறினேன். கதவைத் திறந்த பெண்ணைப் பார்த்ததும் ஒப்பித்ததெல்லாம் மறந்துபோனது. பொட்டலத்தை மட்டும் நீட்டினேன். அதிலிருந்த கடைப் பெயரைப் படித்தவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள்.

"தாத்தா, இது எங்க அப்பா கடை. நான் பொறந்து வளந்ததே ஸ்ரீவில்லிபுத்தூர்லதான்."

நீயாக இருந்தால் எந்த ஊர்க்காரர்கள் என்று முன்பே விசாரித்திருப்பாய். நான் கூச்சத்தில் யாரையும் கேட்கவில்லை. பொட்டலத்தைத் திரும்ப வாங்குவதா, விடுவதா என்று தெரியாமல் கை பாதியில் நின்றது. அவளோ அங்கேயே பிரித்து, ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"பால்கோவாக் கடை வீடுன்னு எங்களுக்கு மட்டும் யாரும் இத வாங்கித் தாறதே இல்ல. இன்னைக்குத்தான் மொத தடவ. சூடா வேற இருக்கு. உள்ள வாங்க தாத்தா."

போய் உட்கார்ந்து காப்பி குடித்தேன். நீ செய்வதுபோல் தெருவில் இருக்கும் எல்லாரையும் பற்றி அவளிடம் சொன்னேன். உன்னைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன்.

விரலில் நெய்மணம் இன்னும் போகவில்லை. இந்தத் தாளிலும் ஒட்டியிருக்கும். தையல்கடை மாடிக்கு அடுத்த வாரம் யாரோ வருகிறார்களாம். எந்த ஊர்க்காரர்கள் என்று, இறங்கி வரும்போது செல்வியிடம் நானாகவே கேட்டுவிட்டேன்.